ஐயனார் மடுவில் மீன் செத்த கோடை

நீங்கள் மூன்று பேரும் இந்த ஆடி விடுமுறைக்கு ஊருக்கு வரப்போகிறீர்கள் என்று அறிந்தேன். கைபேசிக் குழுவில் போட்ட செய்திகள் எல்லாவற்றையும் வாசித்தேன். பதில் போடவில்லை. ஐயனார் மடுவில் ஒரு நாள் முழுக்கக் குளிக்கவேணும் என்று ஒருவர். நாங்கள் விளையாடின இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டவேணும் என்று இன்னொருவர். அங்கேயே அடுப்பு மூட்டி ஆட்டிறைச்சிக் கறி வைக்கலாம் என்று மூன்றாமவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மறதி வரும்தான். எனக்கும் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது மறந்துபோகிறது. ஆனால் மூன்று பேருக்கு ஒரே விஷயம், ஒரே மாதிரி மறந்துபோகாது. அதனால் எழுதுகிறேன். ஐந்து பேராக இருந்தோம். ஒருத்தி செத்துப்போய்விட்டாள். மிச்சம் நான்கு பேரில் நான்தான் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறேன்.

சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டதற்கு அடுத்த வருடத்துக் கோடை அது. எங்களுக்குப் பன்னிரண்டு வயது. காட்டோரக் கிராமம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தறப்பாள் கட்டி இருந்தோம். பகலில் தறப்பாளுக்குள் இருக்கமுடியாது. பிளாஸ்டிக் வேகிற மணம் சோற்றிலும் ஏறும். சோறு என்று சொல்வதுகூடக் கொஞ்சம் கூடுதல். நிவாரணத்தில் வந்த கோதுமை மாவும் பருப்பும்தான். அம்மா மாவை வறுத்துப் புட்டாக அவிப்பார். தேங்காய்ப்பூ கண்ணால் தேடினால்தான் தெரியும்.

அந்த வருடம் ஆறு முழுவதும் மணலாகிவிட்டது. ஆறு வளைகிற இடத்தில், கீழே கல்லும் சுற்றிலும் மருதமரங்களுமாக இருந்த மடுவில் மட்டும் தண்ணீர் கிடந்தது. இரண்டு வகுப்பறை அளவு இருக்கும். வெறும் தேநீரின் நிறம். அதற்குள் விரால் மீன்கள். முழங்கை நீளத்தில், கறுத்த முதுகோடு, ஒருவரும் பிடிக்காததால் பயமே அறியாத மீன்கள். புட்டுத்தூளை விரலில் ஒட்டித் தண்ணீரில் வைத்தால் வந்து விரலோடு சப்பும். அந்த வாயின் வழுவழுப்பு உங்களுக்கும் நினைவிருக்கும்.

அந்த ஊராருக்கு மடு ஐயனாருடையது. சிலை இல்லை, கோயில் இல்லை. மடுதான் ஐயனார். முதலாவது மருதமரத்தோடு செருப்பைக் கழற்றிவிட வேண்டும். போகிற வழியில் ஒரு குழையை முறித்துக்கொண்டு போய்த் தாழ்ந்த கொப்பில் தொங்கும்படி தூக்கிவிட வேண்டும். இறங்கிக் குளிக்கக் கூடாது. சவர்க்காரம் போடக் கூடாது. மீனைத் தொடக் கூடாது. குடிக்க மட்டும் குடத்தில் அள்ளலாம். நாங்கள் இருந்த பக்கத்து மணலில் தோண்டிய ஊற்றுகளுக்கும் அந்த மடுதான் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. ஊராருக்குத் தெரியும். அவர்கள் அதை ஐயனார் என்று சொன்னார்கள்.

பூசாரியார் மெலிந்த, கடுகடுத்த மனிதர். பகலெல்லாம் மருதமரத்தின் கீழ் இருப்பார். மதியம் இரண்டு மணித்தியாலம் வீட்டுக்குப் போய்ப் படுப்பார். அந்த நேரத்தில்தான் பேக்கரிக்காரரின் மகனே, நீ ஒரு துண்டுச் சிவப்புச் சவர்க்காரத்தோடு மடுவில் இறங்கினாய். சவர்க்காரம் கண்ணால் காணக் கிடைக்காத காலம். உன் அப்பா எங்கிருந்தோ கொண்டுவந்தது. நுரையைப் பார்க்க ஆசைப்பட்டாய், அவ்வளவுதான். பூசாரியார் அன்று படுக்கப் போகவில்லை.

அவர் உன்னை அடிக்கவில்லை. தலையில் நுரையோடு சுடுமணலில் இருக்கவைத்தார். நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காகும்வரை எழும்பவிடவில்லை. ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்கோ. இவை பட்டணத்து ஆக்கள். குடிக்கிற தண்ணியில ஊத்தை கழுவுவினம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஐந்து பேரில் நீ மட்டும் அழுதாய், நாங்கள் நான்கு பேரும் ஊர்ப் பிள்ளைகளோடு நின்று சிரித்தோம். அதற்குப் பிறகு உன்னைச் சமாதானப்படுத்துவதற்காகவே நாங்கள் எதையும் செய்யத் தயாராக இருந்தோம் என்று இப்போது நினைக்கிறேன்.

என் அப்பாவை உங்களுக்கு நல்ல நினைவிருக்கும். விஞ்ஞான மாஸ்ரர். பள்ளிக்கூடக் கட்டடம் ஊர்ப் பிள்ளைகளுக்கே போதாது என்று வேப்பமரத்தின் கீழ் எங்களையும் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துப் படிப்பித்தவர். கரும்பலகை ஒரு அலுமாரிக் கதவு. வெண்கட்டி தீர்ந்தால் கரித்துண்டால் நிலத்தில் எழுதுவார். நீங்கள் வெளிநாட்டில் இருந்து அனுப்பும் ஒவ்வொரு வாழ்த்திலும் அவரைப் பற்றி ஒரு வரி இருக்கும். 'மாஸ்ரர் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை.' உண்மைதான்.

சவர்க்காரச் சம்பவத்துக்கு அடுத்த நாள் வகுப்பில் யாரோ அவரிடம் மடு மீன்களைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா சிரித்தார். அவருக்கு இந்தக் குழை தூக்குகிற வேலைகளில் எல்லாம் பெரிய இளக்காரம்.

"மீன் எண்டா மீன்தான். செவுளால மூச்சு விடுற பிராணி. அந்தக் காலத்தில கள்ளியை வெட்டிக் குத்திக் குளத்தில போட்டுத்தான் மீன் பிடிச்சவை. கள்ளிப்பால் செவுளில பட்டா மீன் மயங்கி மிதக்கும். ஐயனார் வந்து மறிக்கிறாரோ இல்லையோ எண்டு ஆராவது ஒருக்காப் போட்டுப் பாத்தால்தான் தெரியும்."

வகுப்பே சிரித்தது. அவர் வேறு பாடத்துக்குப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பகிடி.

வலைக்காரரை நீங்கள் ஒருவரும் ஒரு செய்தியிலும் சொன்னதில்லை. முல்லைத்தீவுக் கரையில் இருந்து எங்களுக்கு முன்பே வந்த வேதக்காரக் குடும்பம். அவர், மனைவி, எங்கள் வகுப்பில் படித்த மகள். வரும்போது ஒரு வீச்சுவலையை மட்டும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எறிவதற்கு அங்கே தண்ணீர் இல்லை. இருந்தாலும் தினமும் அதை விரித்து வைத்துக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருப்பார். நல்லாக இருந்த கண்ணிகளையும் அறுத்துத் திரும்பப் பொத்துகிறார் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

முகாமில் இருந்தவர்களில் மடுவுக்கு மரியாதை செய்தது அவர் ஒருவர்தான். தினமும் காலையில் டயர்ச் செருப்பை முதல் மரத்தடியில் விட்டுவிட்டு, குழை முறித்துத் தூக்கிவிட்டு, தண்ணீரின் ஓரத்தில் நின்று சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடத்தைத் தாழ்ப்பார். ஒரு நாள் பூசாரியார் கேட்டார்.

"நீங்கள் வேதக்காரர். இஞ்ச என்னத்துக்குக் கும்பிடுறியள்?"

"எங்களுக்கும் ஒரு மடு இருக்குத்தானே ஐயா. அங்க மாதா இருக்கிறா. இஞ்ச இருக்கிறவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. வந்தவன் கேட்டுத்தானே அள்ள வேணும்."

அதற்குப் பிறகு பூசாரியாரே அவருடைய குடத்தைப் பிடித்துத் தூக்கிவிடுவார்.

அந்த மகளை நாங்கள் எப்படி நடத்தினோம் என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டுமா? அவள் வந்து இருந்தால் மூக்கைப் பொத்துவோம். மாதக்கணக்காக மீனையே காணாத பிள்ளையிடம் மீன் நாறுகிறது என்போம். அவள் தன் கையை மணந்து பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் பார்ப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே திரும்பத் திரும்பச் சொன்னோம்.

கள்ளி சுடலைக்குப் போகிற பாதையில் வேலியாக நின்றது. பள்ளிக்கூடம் விட்டதும் போனோம். அப்பாவின் சின்னக் கத்தியை நான் கொண்டுவந்தேன். வெட்ட வெட்டப் பால் வடிந்தது. கல்லில் வைத்துக் குத்தி, நடுவில் ஒரு கல்லை வைத்து மூன்று கட்டாகக் கட்டினோம். ஒன்றுக்கு வாழைநார். ஒன்றுக்குச் சப்பாத்துக் கயிறு. மூன்றாவதுக்கு ஒன்றும் கிடைக்காததால் நான் என் இரண்டு பின்னல்களில் ஒன்றில் இருந்த பச்சை றிபனை அவிழ்த்துத் தந்தேன். கிளிநொச்சியில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் நிறம் அது. முகாமில் வேறு ஒருவரிடமும் இருக்கவில்லை.

வழியில் வலைக்காரரின் மகள் குடத்தோடு வந்தாள். அவளையும் கூப்பிட்டோம். எதற்கென்றால், அவளும் வந்தால் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

"நான் வரேல்லை. அது கேட்டுத் தொடுற தண்ணி எண்டு அப்பா சொன்னவர். போடாதேங்கோ. பாவம் அந்த மீனுகள்."

பேக்கரிக்காரரின் மகனே, நீ அவளுடைய குடத்தைக் காலால் தட்டிவிட்டாய். அவள் குனிந்து குடத்தை எடுத்துக்கொண்டு, மடுவுக்குத் திரும்பாமல் வீட்டுக்கே போனாள்.

மூன்று கட்டுகளையும் போட்டோம். அன்று பூசாரியார் படுக்கப் போயிருந்தார்.

முதலில் சின்ன மீன்கள் திரும்பின. வயிறு வெள்ளையாகத் தெரிந்தது. விரால் லேசில் சாகாது. தலையை வெளியே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடின. சில தண்ணீரை விட்டு மணலில் ஏறின. செட்டையால் ஊன்றி, வளைந்து வளைந்து, தண்ணீரில் இருந்து தப்பி ஓடுகிற மீனை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஒன்று மருதவேர்வரைக்கும் வந்து கிடந்தது. நீங்கள் அதைத் தடியால் தண்ணீருக்குள் திரும்பத் தள்ளினீர்கள். அது திரும்ப ஏறியது. திரும்பத் தள்ளினீர்கள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.

பிடித்துச் சாப்பிடுவது என்றுதான் போயிருந்தோம். ஒரு மீனையும் நாங்கள் எடுக்கவில்லை. பயம் பிடித்துவிட்டது. ஓடினோம்.

அடுத்த நாள் காலையில் மடுவை மீன் மூடிக் கிடந்தது. வெயில் ஏற ஏற மணம் பள்ளிக்கூடம்வரைக்கும் வந்தது. தண்ணீரின் மேலே வானவில் நிறத்தில் எண்ணெய் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. மடுவில் குடித்த கன்று ஒன்று வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. ஊராரும் முகாம் ஆட்களும் இரண்டு மைல் தள்ளி இருந்த கிணற்றுக்கு நடந்தார்கள். எங்கள் மணல் ஊற்றுகளையும் தூர்த்துவிட்டார்கள். பிள்ளை பெற்று ஒரு கிழமை ஆகாத ஒருத்தியும் குடத்தோடு அந்த வரிசையில் நடந்ததை நான் பார்த்தேன்.

அன்று என் உள்ளங்கைகள் இரண்டிலும் கொப்புளம். கள்ளிப்பால் பட்ட இடமெல்லாம் தோல் வெந்து நீர் கோத்திருந்தது. உங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். பேக்கரிக்காரரின் மகனுக்கு ஒரு கண் இமை வீங்கிக் கிடந்தது. அம்மா என் கையைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விஞ்ஞான மாஸ்ரருக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. முகம் சாம்பலாகிப்போனதைக் கண்டேன். பிறகு பழஞ்சீலையைக் கிழித்து மெதுவாக, மிகவும் மெதுவாகச் சுற்றினார்.

"கஞ்சி கொட்டுப்பட்டது. ஆரும் கேட்டா அதைத்தான் சொல்ல வேணும். விளங்கிச்சுதோ?"

என்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். கனகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருதமரத்தின் கீழ் விசாரணை நடந்தது. யார் செய்தது என்று ஊருக்குள் பெரிய குழப்பம் இருக்கவில்லை. மீன் செத்திருக்கிறது, முகாமில் ஒரு மீன்பிடிக்காரர் இருக்கிறார், அவரிடம் வலையும் இருக்கிறது. அந்த மூன்றும் போதுமாக இருந்தன. வலைக்காரர் தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் செய்யேல்லை ஐயா. கள்ளி போட்டுப் பிடிக்கிற பழக்கம் எங்களிட்ட இல்லை. செத்துக் கிடக்கிறதில ஒண்டையாவது நான் எடுத்தனானோ எண்டு பாருங்கோ."

பூசாரியார் அப்பாவைப் பார்த்தார். "மாஸ்ரர், நீங்கள் படிச்சவர். பிள்ளையள் எந்த நேரமும் இந்தப் பக்கம் திரியுதுகள். நீங்களே கேளுங்கோ."

அப்பா எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக நிறுத்தினார். நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம்.

"இவரை மடுவடியில கண்டனீங்களோ இல்லையோ? கண்டனீங்கள் எண்டா ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற கதை வேண்டாம்."

ஒவ்வொருவராக ஓம் என்றோம். அது பொய் இல்லை. தினமும் காலையில் கண்டிருக்கிறோம். செருப்பைக் கழற்றுவதை, குழை தூக்குவதை, சிலுவை போடுவதை எல்லாம் கண்டிருக்கிறோம். அப்பா அவற்றைக் கேட்கவில்லை.

வலைக்காரரின் மகள் கூட்டத்துக்குள் இருந்து முன்னுக்கு வந்தாள். "இவையள்தான் போட்டவை. என்னையும் வரச்சொல்லிக் கேட்டவை. கையை அவிட்டுப் பாருங்கோ."

பூசாரியாரின் கண் நாங்கள் பின்னால் கட்டியிருந்த கைகளை நோக்கிப் போனதை நான் பார்த்தேன். அப்பா அவளுடைய தலையைத் தடவினார்.

"தகப்பனில பாசம். பாவம், பிள்ளை சொல்லத்தானே செய்யும்."

அவளுடைய தாய் வந்து பின்னால் இருந்து அவளுடைய வாயைப் பொத்தினார். "கதையாதை பிள்ளை. எங்களுக்கு இருக்கிறதுக்கு இடம் வேணும்."

தீர்ப்பு அதிக நேரம் எடுக்கவில்லை. கெடுத்தவர்தான் சுத்தப்படுத்த வேண்டும். செத்த மீனையெல்லாம் அள்ளிக் குழியில் தாட்டு, அடியில் கிடக்கிற கள்ளியையும் எடுக்க வேண்டும். பிறகு ஊர் ஐயனாருக்குப் பொங்கிப் பொறுதி கேட்கும். ஒருவரும் அவருக்குத் துணையாக இறங்கக் கூடாது.

இரண்டு நாள் அள்ளினார். சாக்கில் மீனைப் போட்டுத் தோளில் சுமந்து போய்க் காட்டோரத்தில் குழி தோண்டித் தாட்டார். மூக்கைக் கட்டத் துணி கேட்டார், கொடுக்கவில்லை. நாங்கள் மருதவேரில் இருந்து பார்த்தோம். பள்ளிக்கூடம் இரண்டு நாளும் நடக்கவில்லை. அப்பாவும் அங்கேதான் நின்றார்.

இரண்டாம் நாள் மதியம் மூழ்கிக் கள்ளியை எடுத்தார். வாழைநார்க் கட்டு வந்தது. சப்பாத்துக் கயிற்றுக் கட்டு வந்தது. அடியில் ஊறிக் கிடந்தும் பால் நிற்கவில்லை. அவர் கட்டைத் தோளில் வைத்து முகத்தைப் புறங்கையால் துடைத்தார். மூன்றாவது முறை மூழ்கி எழும்பியபோது அந்தப் பச்சை கையில் இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என்னுடைய ஒரு பின்னலில் பச்சையும் மற்றப் பின்னலில் வாழைநாரும் இருந்தன. அது என் நினைவிலேயே இருக்கவில்லை. அவர் றிபனை அவிழ்த்துப் பிழிந்து, தண்ணீரில் நின்றபடியே அப்பாவிடம் நீட்டினார்.

"மாஸ்ரர், இதைப் பாருங்கோ."

அப்பா வாங்கினார். பார்த்தார். நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

"அள்ளுங்கோ. பொழுது போகுது," என்றார்.

வலைக்காரர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். தண்ணீர் அவருடைய நெஞ்சுவரைக்கும் இருந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நான் எழும்பி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றும் நினைத்தேன். அவர் திரும்பி மூழ்கினார். கரையில் நின்ற ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று பொழுதுபடுவதற்கு முன்பே அவருடைய கண்கள் மூடிவிட்டன. இமை இரண்டும் வீங்கி, இடைவெளியால் நீர் வடிந்தது. அப்பா உப்புத்தண்ணீரால் கழுவச் சொல்லி ஆள் அனுப்பினார். தான் போகவில்லை. கண்ணுக்கு விடுகிற மருந்து எங்கேயும் இல்லை. புதுக்குடியிருப்பில் இருக்கலாம் என்றார்கள். சைக்கிளில் கொண்டுபோனார்கள், அங்கேயும் இல்லை. நான் முன்பு சொன்ன, குடத்தோடு நடந்த அந்தப் பிள்ளைப்பெற்றவள் மட்டும் தினமும் வந்து, ஒருவரையும் கேளாமல், தன் முலைப்பாலைக் கரண்டியில் எடுத்து அவருடைய கண்ணில் விட்டாள். அவளை ஊரில் திட்டினார்கள். ஒரு கண் கொஞ்சம் வெளிச்சம் அறிந்தது. மற்றது இல்லை.

றிபனை அம்மா சட்டை தோய்க்கும்போது கண்டெடுத்தார். எனக்கு முன்னாலேயே அடுப்புக்குள் போட்டார். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு அவர் சாப்பிடும்வரை அங்கே நிற்கிறதை விட்டுவிட்டார்.

இரண்டு கிழமையில் அந்தக் குடும்பம் வெளிக்கிட்டது. கரைப் பக்கத்துச் சொந்தக்காரரிடம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்மா புட்டு அவித்தார். அன்று தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டார். அந்த மாதம் முழுவதும் எங்களுக்குத் தராத அளவு. வாழையிலையில் சுற்றி என் கையில் தந்து, "குடுத்திட்டு வா. ஒண்டும் கதைக்காதை," என்றார்.

அவர்கள் மடுவடியில் நின்றார்கள். சாமான் கட்டின சைக்கிளை மனைவி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வெறுங்காலோடு, கையில் ஒரு குழையோடு, கொப்பைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் நின்றாள், உதவி செய்யவில்லை. நான் போய்க் கொப்பைப் பிடித்துக் கீழே பதித்தேன். அவருடைய கை கொப்போடு வந்து என் கையில் முட்டியது. உள்ளங்கையில் உரிந்துகொண்டிருந்த தோலை விரலால் தடவினார்.

"ஆறிட்டுதோ பிள்ளை?"

நான் ஓம் என்றேன். அவர் குழையைத் தூக்கிவிட்டு, தண்ணீர் இருந்த பக்கம் சரியாகத் திரும்பி, சிலுவை போட்டுக்கொண்டார்.

மகள் என் கையில் இருந்த பொட்டலத்தை வாங்கினாள். இலையை விரித்துப் பார்த்தாள். அவள் அன்று காலை ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். தண்ணீரின் ஓரத்துக்குப் போய்க் குந்தி இருந்து, புட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து மடுவில் போட்டாள். அவர் சுத்தப்படுத்திய தண்ணீர், அடிவரைக்கும் தெரிந்தது. புட்டுத்தூள் மெதுவாக இறங்கிக் கல்லில் படிந்தது. ஒன்றும் வரவில்லை. அவள் முழுவதையும் போட்டு முடிக்கும்வரை என்னை அங்கே நிற்கவைத்தாள்.

அடுத்த மாரிக்கு ஆறு பாய்ந்து மீன் திரும்ப வந்தது. ஐயனார் பொறுத்துவிட்டார் என்று ஊர் சொன்னது. அப்பா அந்த ஊரிலேயே படிப்பித்து, பாராட்டு விழாவும் பொன்னாடையும் பெற்று, நல்ல பெயரோடு போய்ச் சேர்ந்தார். நீங்களும் மலர்வளையத்துக்குச் சொல்லி அனுப்பினீர்கள்.

வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் முதல் மரத்தோடு செருப்பைக் கழற்றுங்கள். குளிக்க வேண்டாம், அடுப்பு மூட்ட வேண்டாம், மீனுக்கு முன்னால் நின்று படம் எடுக்க வேண்டாம். ஐயனார் தண்டிப்பார் என்று சொல்லவில்லை. அவர் எங்களைத் தண்டிக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து உயிர் பிடித்துக்கொண்டு அதற்குள் நஞ்சு போட்ட விருந்தாளிகள் நாங்கள். அதில் ஒரு மனிதரின் கண் கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு நிற்க ஏலுமென்றால் வாருங்கள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். இதை உங்களுக்கு நான் ஒருபோதும் சொன்னதில்லை.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, சாதாரணதரச் சோதனை எழுதி முடித்த கையோடு நான் பூசாரியாரிடம் போனேன். நான்கு வருடம் அதைச் சுமந்தது போதும் என்றிருந்தது. அவர் மருதமரத்தின் கீழ் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். முதலில் இருந்து கடைசிவரை சொன்னேன். கள்ளி, கத்தி, றிபன், அப்பாவின் சட்டைப் பை எல்லாம். ஊரைக் கூட்டுவார், அப்பாவைக் கூப்பிடுவார், வலைக்காரரைத் தேடி ஆள் அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கயிற்றை நிறுத்தவில்லை.

"தெரியும் பிள்ளை," என்றார். "கள்ளிப்பால் பட்ட கை எங்களுக்குத் தெரியாதே? அண்டைக்கே எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப ஏன் அவரை இறக்கினீங்கள்?"

"மாஸ்ரர், உன்ர கொப்பர், இஞ்ச இருந்து போயிருந்தா எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஆர் இருந்தது? பத்து வருஷமா விஞ்ஞானத்துக்கு ஆளில்லாத பள்ளிக்கூடம். ஐயனாருக்கும் ஆரையாவது காட்டத்தானே வேணும்." கயிற்றைக் கால்விரலில் கொளுவி இழுத்து முறுக்கைப் பார்த்தார். "அந்தாள் தங்கமான மனுசன். வாய் திறக்கமாட்டார் எண்டும் தெரியும்."

பிறகு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் கடுகடுப்பு இருக்கவில்லை. தன் பேத்தியைக் கேட்பது போலக் கேட்டார்.

"விஞ்ஞானம் எப்பிடி எழுதினனீ?"

"நல்லா எழுதினனான்," என்றேன்.